அமுதவல்லி பள்ளிக்கூடம் தேடிய கதை

பொம்மிடிப் பக்கத்து அந்தக் கிராமத்தில் அமுதவல்லி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். மஸ்கட்டம்மா வீடு என்று கேட்டால் உடனே கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். பத்து வருஷம் ஒரு ஊரில் இருந்துவிட்டு வந்தால் அந்த ஊர் பெயரோடு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. இந்தப் பெயரோடு கூடவே வந்த இன்னொரு தொல்லைதான் அவளைப் படாத பாடு படுத்தியது. வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடப் போகிறார்கள் என்பதில் ஊருக்கே அக்கறை வந்துவிட்டது.

அவள் பிறந்தது பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம். மானாவாரி நிலம், கேழ்வரகு, நிலக்கடலை, கொஞ்சம் ஆடுகள். மூன்று பெண்களில் நடுவில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தாள். டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று ஆசை. அதற்குள் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலையில் இருந்த மாதவராஜின் ஜாதகம் பொருந்திவிட்டது. ஜாதகம் பொருந்திய பிறகு நம் பக்கத்தில் பெண்ணின் ஆசையை யார் கேட்கிறார்கள். நல்லவேளை, ஆள் தங்கமான ஆள். கல்யாணமான மறு வருஷமே அவளையும் கூட்டிக்கொண்டு போனான்.

அங்கேதான் தன்ஷிகா பிறந்தாள். கொழுகொழுவென்று, சிரித்த முகத்தோடு இருந்த குழந்தை. ஆனால் குக்கர் விசில் அடித்தால் திரும்பிப் பார்க்காது. கதவு படாரென்று சாத்தினாலும் அசையாது. மூன்று வயதில் டாக்டர் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, இரண்டு காதும் பாதிக்கு மேல் கேட்கவில்லை என்றார். இரண்டு காதுக்கும் மிஷின் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த தன்ஷிகா குளியலறைக் குழாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். தண்ணீருக்குச் சத்தம் உண்டு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அமுதவல்லி அவளைத் தடுக்காமல் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மிஷினுக்குத் தன்ஷிகா வைத்த பெயர் ‘காது’. காலையில் எழுந்ததும் “அம்மா, காது குடு” என்பாள். தூங்கப் போகும்போது கழற்றி டப்பாவில் வைத்து, “காதும் தூங்கட்டும்” என்பாள். வீட்டுக்குள் அப்படி ஒரு வாயாடி. வெளியே கூட்டிக்கொண்டு போனால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. அங்கே பள்ளியில் இரண்டு வருஷம் படித்தும் ஒரு கூட்டாளி கிடையாது. கேட்ட கேள்விக்குத் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். ஊருக்குக் கிளம்பும் முன் கடைசியாகப் பார்த்தபோது டாக்டர் தெளிவாகவே சொன்னார். காது கேட்க வைப்பதை மிஷின் செய்துவிடும். பேச வைப்பதை மற்ற குழந்தைகள்தான் செய்ய வேண்டும். இந்த வயதில் அது நடக்காவிட்டால் பிறகு மிகவும் கஷ்டம், பள்ளிக்கூடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்றார்.

அந்த வார்த்தையை அமுதவல்லி மடியில் கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினாள். மாதவராஜ் பொம்மிடியில் சொந்தமாக ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை போடுவது என்று முடிவு. ஏப்ரல் மாத வெயிலில் வந்து இறங்கினார்கள். வந்த அன்றைக்கே மாதவராஜின் அண்ணி சசிகலா குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சினாள். கொஞ்சும்போதே காதுக்குப் பின்னால் இருந்த ரோஸ் நிற மிஷினைப் பார்த்தாள். எல்லாரும் நகர்ந்த பிறகு அமுதவல்லியைச் சமையல்கட்டுக்குள் இழுத்தாள்.

“அமுதா, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. பொட்டப்புள்ள. நாளைக்கு ஒரு நல்லது கெட்டது பாக்கணும். ஊரு வாய மூட முடியுமா? முடிய கொஞ்சம் முன்னால இழுத்து வுடு. யாருக்குத் தெரியப் போவுது?”

சசிகலா கெட்டவள் இல்லை. வந்த இரண்டு வாரமும் இவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவள் அவள்தான். கெட்டவர்கள் சொல்லியிருந்தால் அமுதவல்லி காதில் வாங்கியிருக்கவே மாட்டாள். நல்லவள் சொன்னதால்தான் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மஸ்கட்டில் பிள்ளைக்குக் குதிரைவால் போட்டுக் கூட்டிக்கொண்டு திரிந்தவள், இங்கே காலையில் எழுந்ததும் சீப்போடு நின்று இரண்டு காதையும் முடியால் மூட ஆரம்பித்தாள். பெட்டிகளை எல்லாம் பத்திரமாக இறக்கினவள் புத்தியை மட்டும் விமானத்திலேயே விட்டுவிட்டேன் என்று இப்போது அவளே சொல்லிச் சிரிப்பாள். அப்போது சிரிப்பாக இல்லை.

முதலில் போனது தருமபுரி ரோட்டில் இருக்கிற பெரிய பள்ளிக்கு. பெரிய கேட், புல்வெளி, ஏசி போட்ட பஸ். மாதவராஜ் இஸ்திரி போட்ட சட்டையும் அமுதவல்லி கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையுமாகப் போனார்கள். தன்ஷிகாவுக்குத் தலைக்கு ஊற்றி, முடியைத் தோளில் விரித்து, இரண்டு பக்கமும் கிளிப் குத்தியிருந்தாள். வினை அந்தக் கிளிப்பில் இருந்தது. முடியும் கிளிப்பும் சேர்ந்து அமுக்கியதில் மிஷின் ‘கீ’ என்று கத்த ஆரம்பித்தது. வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா அம்மாக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்து இவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். மாதவராஜ் எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டான். அமுதவல்லி ஒரு நொடி யோசித்தாள். யோசிக்காமலே இருந்திருக்கலாம். இரண்டு மிஷினையும் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள்.

உள்ளே இருந்த மேடம் நல்ல மாதிரியானவர்தான். அவர் குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் முகமும் தெரியவில்லை, உதடும் தெரியவில்லை. தலைக்கு மேல் ஏசி இரைந்தது. “வாட் இஸ் தி கலர் ஆஃப் யுவர் ஃப்ராக்?” என்று கேட்டார். யார் முதலில் பார்த்தாலும் வயதைத்தானே கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்ட தன்ஷிகா, “செவன்” என்றாள். அடுத்த கேள்விக்கு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கடுத்த கேள்விக்குத் தன் செருப்பைப் பார்த்தாள். மேடம் பேனாவை மூடினார். குழந்தை கொஞ்சம் ஸ்லோ போலத் தெரிகிறது, வேண்டுமானால் யூகேஜியில் போட்டுப் பார்க்கலாம் என்று மரியாதையாகத்தான் சொன்னார். தெரியாதவரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது. தெரிந்தவள் பக்கத்து நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும் வழியில் பேக்கரியில் வண்டியை நிறுத்தினான் மாதவராஜ். இரண்டு டீயும் ஒரு ரோஸ் மில்க்கும் சொன்னான். அமுதவல்லி கைப்பையைத் திறந்து மிஷின்களை எடுத்துப் பிள்ளைக்கு மாட்டியபோதுதான் அவனுக்கு விஷயமே விளங்கியது. அவன் வாயைத் திறக்கும் முன் தன்ஷிகாதான் கேட்டாள்.

“அம்மா, எந்த ஸ்கூல்ல காது போட்டுக்கலாம்?”

“என்ன கண்ணு?”

“இந்த ஸ்கூல்ல காது போட்டுக்கக் கூடாதுல்ல. போட்டுக்கலாம்னு சொல்ற ஸ்கூலுக்குப் போலாம்மா.”

அமுதவல்லி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பெற்ற பிள்ளையின் காதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கேள்விக்குப் பதில் சொல் என்று உட்கார வைத்தவள் தான்தானே என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. புருஷன் இரண்டு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மாதவராஜ் அப்படி எல்லாம் செய்கிற ஆள் இல்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

“வுடு அமுதா. இனிமே எந்த ஸ்கூலுக்குப் போனாலும் அவங்க கேக்கறதுக்கு முன்னால நாம கேட்டுருவோம். எம்பொண்ணு மிஷின் போட்டிருக்கா, அதோட சேத்துக்குவீங்களான்னு.”

அப்படித்தான் கேட்டார்கள். சசிகலாவின் பிள்ளைகள் வேனில் போய் வருகிற பள்ளியில் கேட்டார்கள். சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், தனியாகக் கவனிக்க முடியாது, மிஷின் தொலைந்தால் எங்களைக் கேட்கக் கூடாது என்றார்கள். உள்ளதைச் சொன்னதற்காக அமுதவல்லி அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தாள். இன்னொரு இடத்தில் முன் பெஞ்சில் உட்கார வைக்கிறோம் என்றார்கள். முன் பெஞ்சில் உட்கார்ந்தால் டீச்சர் பேசுவது கேட்கும், பின்னால் இருக்கிற பிள்ளைகள் பேசுவது எப்படிக் கேட்கும்? பிள்ளைகளோடு பேச வேண்டும் என்றல்லவா டாக்டர் சொன்னார். மே மாதம் ஓடிக்கொண்டே இருந்தது. அமுதவல்லிக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் மத்தியான வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா வாசலில் வந்து நின்றார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை லூர்துமேரி. பள்ளி திறக்கும் முன் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது அந்த டீச்சர்களுக்கு வருஷா வருஷம் உள்ள வேலை. சசிகலா அப்போது அங்கேதான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“டீச்சர், இவங்க ஃபாரின்ல இருந்து வந்தவங்க. இவங்க போய் உங்க ஸ்கூல்ல சேப்பாங்களா?” என்று சிரித்தாள்.

“சேக்கலைன்னா போவுது. ஒரு சொம்பு தண்ணி குடுப்பாங்கல்ல? அதுக்கும் சேத்துத்தான் வந்தேன்” என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார் டீச்சர்.

தண்ணீர் கொண்டு வந்த அமுதவல்லி பழக்க தோஷத்தில் பிள்ளையின் முடியை முன்னால் இழுத்துவிட்டாள். இழுத்த கையை டீச்சர் பார்த்துவிட்டார். அமுதவல்லிக்கு முகம் சுண்டிப் போனது. எப்படியும் கேட்கப் போகிறார், எப்போதிலிருந்து இப்படி, சொந்தத்தில் கல்யாணம் கட்டினீர்களா, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா என்று எல்லாரும் கேட்கிறதைக் கேட்பார், நாமும் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான் என்று காத்திருந்தாள். டீச்சர் அவளிடம் எதுவுமே கேட்கவில்லை. குனிந்து, தன்ஷிகாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு பிள்ளையைக் கேட்டார்.

“கண்ணு, உனக்கு எந்தப் பக்கம் நல்லா கேக்கும்?”

தன்ஷிகா அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

“அப்டியா, நான் தெரியாம இந்தப் பக்கம் வந்து உக்காந்துட்டனே” என்று டீச்சர் எழுந்து, பாயைச் சுற்றி வந்து, இடது பக்கமாக உட்கார்ந்துகொண்டார்.

அவ்வளவுதான் நடந்தது. இன்றைக்கும் அமுதவல்லி இதைச் சொல்லாத நாள் இல்லை. எத்தனையோ பேர் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பெற்றவர்களிடம் விசாரித்திருக்கிறார்கள். பிள்ளையிடமே கேட்டு, அது சொன்ன பக்கம் எழுந்து வந்து உட்கார்ந்தவர் இந்த ஒரு அம்மாதான். அந்தத் தாய் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்வதாகச் சொல்வாள்.

மறுநாளே மாதவராஜைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளியைப் பார்த்தாள். இரண்டு அறை, இரண்டு டீச்சர், முன்னால் ஒரு புங்கமரம். தான் படித்த காலத்து மாதிரி வரிசையாகப் பெஞ்சு போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனாள். பெஞ்சைக் காணோம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் தரையில் வட்டம் வட்டமாக உட்காருவார்கள் என்றும், அவரவருக்கு எவ்வளவு தெரியுமோ அதற்கேற்ற மாதிரி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழு என்றும், தானும் கூடவே தரையில் உட்கார்ந்துதான் சொல்லிக்கொடுப்பேன் என்றும் டீச்சர் விளக்கினார். தன்ஷிகாவுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாதே என்றாள் அமுதவல்லி. அதனால் என்ன, இரண்டாம் வகுப்பிலேயே இருக்கட்டும், அரும்பில் உட்காரட்டும் என்றார் டீச்சர். யாரையும் யூகேஜிக்குத் தள்ள வேண்டியதில்லை. வட்டமாக உட்கார்ந்தால் எல்லார் முகமும் தெரியும், எல்லார் உதடும் தெரியும். மஸ்கட் டாக்டரே வந்து நின்று வரைந்து கொடுத்தாலும் இதைவிட நல்ல வகுப்பு அமையாது என்று அமுதவல்லிக்குப் பட்டது.

வீட்டில்தான் புயல். “பத்து வருஷம் சம்பாரிச்சது இந்த உப்புமாவுக்கா? நாலு பேரு கேட்டா நாங்க என்னன்னு சொல்றது?” என்று சசிகலா இரண்டு நாள் பேசவில்லை. அங்கே காலையில் பிள்ளைகளுக்குப் போடுகிற உப்புமாவைத்தான் சொன்னாள். மாதவராஜுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் ஆட்டம் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள் இல்லையா. பிள்ளை ஆறு மாதம் போகட்டும், அதற்குள் வாய் திறந்தால் இங்கேயே, இல்லாவிட்டால் சேலத்துக்கே குடிபோய் காது கேளாத பிள்ளைகளுக்கென்று இருக்கிற பள்ளியாகப் பார்ப்போம் என்றான். கடையை விட்டுவிட்டா என்று அமுதவல்லி கேட்டாள். கடை போனால் போகிறது என்றான். டாக்டர் சொன்னது அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது.

பள்ளி திறந்த அன்று அமுதவல்லி பிள்ளைக்கு இரட்டைச் சடை போட்டு, மடித்துக் கட்டி, சிவப்பு ரிப்பன் வைத்தாள். இரண்டு காதும் பளிச்சென்று வெளியே தெரிந்தன. தெரு முழுக்க நடக்கும்போது பிள்ளையின் முடியைத் தேடிப் போன தன் கையை அவளே இழுத்துக்கொண்டாள். பள்ளிக்குள் நுழைந்ததுமே பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். சவரி என்ற பையன் நெருங்கி வந்து உற்றுப் பார்த்தான்.

“ஏய், இது ப்ளூடூத்தா? பாட்டு வருமா?”

தன்ஷிகா தலையை ஆட்டினாள்.

“ஸ்கூலுக்கே ப்ளூடூத் போட்டுக்கிட்டு வருதுடா” என்று அவன் மற்றவர்களிடம் பொறாமையோடு சொன்னான். அன்றைக்குச் சாயங்காலம் மூன்று பிள்ளைகள் எனக்கும் அது வேண்டும் என்று வீட்டில் அழுததாகக் கேள்வி.

அதெல்லாம் சரி. பிள்ளை பேச வேண்டுமே. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. சாயங்காலம் வந்தால் அமுதவல்லி “இன்னைக்கு யாரோடயாவது பேசுனியா?” என்று கேட்பாள். “ம்ம்” என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். அது எந்த ‘ம்ம்’ என்று யார் கண்டது. குழாயடிக்குப் போகிற சாக்கில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றுச்சுவர் ஓரமாக எட்டிப் பார்ப்பாள். வட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் கத்திக்கொண்டிருக்க, இவள் பெண் மட்டும் வாயைப் பொத்தினாற்போல் உட்கார்ந்திருக்கும். மின்விசிறி இரைச்சல் தொந்தரவு செய்கிறது என்று தெரிந்து டீச்சர் அந்த வட்டத்துக்கு மேல் மட்டும் விசிறியை நிறுத்தி, தானும் வேர்வையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கும்போது ஒரு பக்கம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும், இன்னொரு பக்கம் இவ்வளவு செய்தும் வாய் திறக்கவில்லையே என்று இருக்கும். அப்புறம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். பார்த்தால்தானே பயம்.

ஆகஸ்ட் பிறந்தது. ஒரு சாயங்காலம் டீச்சரே போன் செய்தார்.

“அமுதா, நாளைக்குக் காலைல கொஞ்சம் ஸ்கூலுக்கு வந்துட்டுப் போங்க. தன்ஷிகா விசயமா பேசணும்.”

என்ன விஷயம் என்று கேட்காமலே அமுதவல்லி சரி என்று போனை வைத்துவிட்டாள். மிஷின் தொலைந்ததா என்றால், இல்லை, பிள்ளையின் காதில்தான் இருக்கிறது. அடிபட்டதா என்றால், அதுவும் இல்லை, கண் முன்னால் கயிறு தாண்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் அதுதான். நம்மால் முடியவில்லை அம்மா, இந்தப் பிள்ளையைப் பேச வைக்க வேறு இடம் பாருங்கள் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார். சேலத்துக்குப் போக வேண்டியதுதான், கடையை மூட வேண்டியதுதான். சசிகலா விஷயத்தைக் கேட்டுவிட்டு, வழக்கமாகச் சொல்கிறதைச் சொல்லாமல், “நானும் கூட வரட்டுமா?” என்று மட்டும் கேட்டாள். அமுதவல்லி வேண்டாம் என்றுவிட்டாள்.

காலையில் போனபோது டீச்சர் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு வைத்திருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“உக்காருங்க. நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன் அமுதா. இதுக்கு மேல உங்க காதுல போடாம இருக்கறது சரியில்ல.”

“சொல்லுங்க டீச்சர்” என்று முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள் அமுதவல்லி.

“உங்க பொண்ணு வாயவே மூட மாட்டேங்கறா. ரெண்டு வாரமா இதே ரோதனை. பாடம் நடக்கறப்ப பேசறா, எழுதறப்ப பேசறா, வாயில சோத்த வெச்சுக்கிட்டும் பேசறா. சரி, பக்கத்துல இருக்கறதுங்கதான் கெடுக்குதுன்னு எடத்த மாத்துனேன். அங்க போனா அங்க ஒரு கூட்டாளி. இப்ப அரும்பு, மொட்டு, மலர் மூணு குரூப்புலயும் அவளுக்கு ஆளு இருக்குது. நேத்து நான் போர்டுல எழுதறேன், பின்னாடி சந்தைக் கடையாட்டம் சத்தம். திரும்பிப் பாத்தா நடுவுல உங்க பொண்ணு கத சொல்லிக்கிட்டு இருக்கா. நான் திட்டுனேன். திட்டுனது பத்தாது. வூட்ல நீங்களும் கொஞ்சம் கண்டிச்சு அனுப்பணும்.”

அமுதவல்லிக்குக் கண்ணில் இருந்து பொலபொலவென்று கொட்டியது. டீச்சர் பதறிவிட்டார்.

“என்னம்மா இது, அழுவற அளவுக்கு நான் என்னா சொல்லிட்டேன்? புள்ளைங்கன்னா பேசத்தான் செய்யும். கொஞ்சம் சொல்லி வைங்கன்னுதானே சொன்னேன்.”

அமுதவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். அந்தப் பக்கம் மாதவராஜ் எடுத்ததும், “மாமா, ஏணி மேல இருந்தா எறங்கி நில்லுங்க. டீச்சர் பேசறாங்க” என்றாள். பிறகு எழுந்து நின்று, போனை இரண்டு கையாலும் லூர்துமேரி டீச்சரிடம் நீட்டினாள்.

“டீச்சர், இப்ப எங்கிட்ட சொன்னீங்கல்ல. ஒரு வார்த்த வுடாம அவருகிட்டயும் சொல்லுங்க.”